நெஞ்செலும்பு கூடும் வரை: இதய அறுவைக்குப் பின் நம்பிக்கையும் நன்றியும்

பைபாஸ் அறுவை முடிந்தவருக்கு முதல் சோதனை இருமல். நெஞ்சுக்கூட்டின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் மார்பெலும்பை ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த எலும்பு கூடுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகும். சளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தேங்கினால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், காய்ச்சல் வரும், நிமோனியாவில் போய் நிற்கும். எனவே பிளந்த இடத்தையே உலுக்கும் என்று தெரிந்தும் நோயாளி இருமித்தான் தீர வேண்டும். செவிலியர் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்து, அதை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார். சில மருத்துவமனைகளில் அந்தத் தலையணையை இதய வடிவிலேயே தைத்திருப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று இருக்கும். அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் எழும்பும். அறுவைக்கு முந்தின நாள் மூன்றையும் விளையாட்டாக எழுப்பியவர், அறுவைக்கு மறுநாள் ஒன்றை எழுப்புவதற்குள் வியர்த்துப் போவார்.

கத்தியின் வேலை நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச வேலை நோயாளியுடையது. இரும வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், வராண்டாவில் பத்தடி நடக்க வேண்டும், தூங்க வேண்டும், கசந்த வாயோடு சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் போன பிறகு மாத்திரைகளை ஆயுசு முழுக்க விடாமல் விழுங்க வேண்டும். நோய் தேறுவதில் நம்பிக்கையும் நன்றியும் என்ன செய்கின்றன என்று தேடிய ஆய்வுகளில் உருப்படியான விடை தந்தவை பெரும்பாலும் இந்த மிச்ச வேலையைச் சுற்றியே இருக்கின்றன. இதைத் தாண்டி, எலும்பையும் ரத்தக் குழாயையும் நேராகப் போய்த் தொட முடியுமா என்று பார்த்தவை வெறுங்கையோடு திரும்பின.

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் இதய அறுவை நோயாளிகளிடமே அடிக்கடி போனதற்குக் காரணம் உண்டு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ, 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில், காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து இதயத் தமனியின் அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போட்டார். எட்டு ஆண்டுகளில் அந்த முறை சென்னைக்கு வந்தது. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது இந்தியாவின் முதல் பைபாஸ் என்று குறிக்கப்படுகிறது. பிறகு இது உலகெங்கும் ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கில், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யப்படும் அறுவையாயிற்று. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே காயம், ஒரே மயக்க மருந்து, ஒரே பத்தியம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான நோயாளிக் கூட்டம் கிடைக்காது.

உடல் எப்படித் தேறும் என்பதை நாள் கணக்கில் சொல்லிவிடலாம். முதல் நாள் வென்டிலேட்டர் குழாய் வெளியே வரும். இரண்டு மூன்று நாட்களில் மார்பிலிருந்து ரத்தக்கசிவை வடிக்கும் குழாய்களை எடுத்துவிடுவார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இது பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும். ஒரு வாரத்தில் வீடு.

மனம் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. ஐ.சி.யூ.வில் இரவும் பகலும் ஒரே வெளிச்சம், ஒரே பீப் சத்தம். வயதானவர்களில் சிலர் இரண்டாம் இரவில் கூரையில் ஆட்கள் நடப்பதாகச் சொல்வார்கள், குழாய்களைப் பிடுங்கப் பார்ப்பார்கள், பெற்ற மகளையே யாரென்று கேட்பார்கள். டெலிரியம் எனும் இந்தத் தற்காலிகக் குழப்பம் பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். அதைக் கண்ணால் பார்த்த குடும்பத்தின் பயம் தெளியக் கூடுதல் நாள் பிடிக்கும். வார்டுக்கு வந்தபின், காரணமில்லாமல் கண்ணீர் வரும். வாழ்நாளில் அழுது யாரும் பார்த்திராத மனிதர் காபி டம்ளரைப் பார்த்து அழுவார். பலருக்கு அது ஓரிரு வாரத்தில் வற்றிவிடும், சிலருக்கு வற்றாது. 2001இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட 309 பேரில் ஐந்தில் ஒருவருக்கு, வீடு திரும்பும் தறுவாயில் தீவிர மனச்சோர்வு இருந்ததாகக் கண்டது. அடுத்த ஓராண்டில் அவர்களில் 27 சதவீதத்தினருக்கு மறுபடி இதயத் தொல்லை வந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களில் அது 10 சதவீதம். மனதின் நிலை இதயத்தின் கணக்கில் ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் அபூர்வம். கடவுள், நன்றி என்ற பேச்சும் மருத்துவ இதழ்களுக்குள் வந்தது.

பிரார்த்தனையை அளந்தவர்கள்

பிரார்த்தனைக்குப் பலன் உண்டா என்று எண்களைக் கொண்டு முதலில் கேட்டவர் பிரான்சிஸ் கால்டன். 1872இல் வெளியான கட்டுரையில் அவர் வைத்த தர்க்கம் குறும்பானது. இங்கிலாந்தின் தேவாலயங்களில் எல்லாம் ஞாயிறுதோறும் அரச குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்திக்கிறார்கள். அப்படியானால் வசதி படைத்த மற்றவர்களைவிட அவர்கள் கூடுதல் நாள் வாழ வேண்டுமல்லவா? முப்பது வயதைத் தாண்டியவர்களின் சராசரி ஆயுளை வரிசைப்படுத்திப் பார்த்தார். பாதிரியார்கள் 69, மருத்துவர்கள் 67, அரச குடும்பத்தினர் 64. அவருடைய பட்டியலில் கடைசி இடம் அரச குடும்பத்துக்குத்தான். இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரார்த்தனையை அட்டவணைக்குள் கொண்டுவரலாம் என்ற துணிச்சல் அங்கே பிறந்தது.

நூறாண்டு கழித்து அந்தத் துணிச்சல் மருத்துவமனைக்குள் நுழைந்தது. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயப் பிரிவில் 393 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்காக மட்டும் வெளியே இருந்தவர்களைப் பிரார்த்திக்கச் செய்தார் ராண்டால்ஃப் பேர்ட். 1988இல் வந்த முடிவில் சில அளவைகளில் பிரார்த்தனைக் குழு சற்று மேலாக இருந்தது. மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் இறப்பிலும் வேறுபாடில்லை. பல அளவைகளை எடுத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே சாதகமாக வரும் என்பது புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. சர்ச்சை ஓயவில்லை.

அதைத் தீர்த்துவைக்கவே ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆறு அமெரிக்க மருத்துவமனைகள், பைபாஸ் செய்துகொள்ளும் 1,802 பேர், மூன்று குழுக்கள். முதல் இரண்டு குழுக்களிடம், "உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு குழுவுக்கு நடத்தினார்கள், மற்றதற்கு நடத்தவில்லை. மூன்றாம் குழுவிடம் "உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள்" என்று சொல்லி, அவ்வாறே செய்தார்கள். மூன்று கிறிஸ்தவப் பிரார்த்தனைக் குழுக்களுக்கு நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் போயின. அறுவைக்கு முந்தின இரவிலிருந்து பதினான்கு நாள், எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் வேண்டினார்கள். 2006இல் முடிவு வெளியானது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள், பிரார்த்தனை பெற்ற முதல் குழுவில் 52 சதவீதம், பெறாத குழுவில் 51 சதவீதம். தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்த மூன்றாம் குழுவில் 59 சதவீதம்.

கடைசி எண்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அவர்கள் யோசித்த இன்னொரு விளக்கம், நம் ஊர் நோயாளிக்கு உடனே புரியக்கூடியது. அறுவைக்கு முந்தின நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "உங்களுக்காகத் தனியாக ஆள் வைத்துப் பிரார்த்திக்கிறோம்" என்றால், படுத்திருப்பவருக்கு முதலில் என்ன தோன்றும்? 'அவ்வளவு மோசமாகவா இருக்கிறது நம் நிலைமை?' அந்தப் படபடப்பே இதயத் துடிப்பைக் குழப்பியிருக்கலாம். கணக்கில் அதிகம் சேர்ந்த சிக்கலும் அந்தத் தாளம் தப்பும் துடிப்புதான்.

இந்த ஆய்வு கடவுள் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதியும் அதற்கில்லை. நோயாளிக்குத் தெரியாத அந்நியர்கள், முகம் பாராமல், எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சொல்வதை அது அளந்தது. மூன்று குழுவினரின் வீட்டாரும் உறவினரும் தங்கள் வழக்கப்படி வேண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. பிரார்த்தனை என்றதும் மக்கள் மனதில் வருவது அறுவை அரங்கின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கந்தசஷ்டிக் கவசத்தையோ ஜெபமாலையையோ தஸ்பீஹ் மணியையோ கையில் வைத்திருக்கும் அம்மா. அவருடைய பிரார்த்தனை யாருக்கு எப்படி உதவுகிறது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

நோயாளியின் சொந்த நம்பிக்கை

நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் மருத்துவ மையத்தில் தாமஸ் ஆக்ஸ்மனும் உடனிருந்தோரும், இதய அறுவை செய்துகொண்ட 55 வயதுக்கு மேற்பட்ட 232 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். அறுவைக்கு முன் கேட்ட பல கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மத நம்பிக்கையிலிருந்து உங்களுக்குத் தெம்போ ஆறுதலோ கிடைக்கிறதா? இரண்டு, ஏதாவது ஒரு சங்கத்திலோ குழுவிலோ தொடர்ந்து கலந்துகொள்கிறீர்களா? ஆறு மாதத்துக்குள் 21 பேர் இறந்தார்கள். வயதையும் நோயின் கடுமையையும் கழித்துப் பார்த்த பிறகும், ஆறுதல் இல்லாதவர்களிடமும் கூட்டம் இல்லாதவர்களிடமும் இறப்பு கூடுதலாக இருந்தது. இரண்டுமே இல்லாதவர்களின் நிலைமைதான் மிக மோசம்.

1995இல் வந்த இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு, 'நம்பினால் பிழைக்கலாம்' என்று எழுதியவர்கள் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கோவிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர் நடமாடும் தெம்பு உள்ளவர், குடிப்பதும் புகைப்பதும் சற்றுக் குறைவு, காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவர நாலு பேர் உண்டு. இவற்றையெல்லாம் நம்பிக்கையிலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல. இரண்டாவது கேள்வியின் சங்கம் எந்தச் சங்கமாகவும் இருக்கலாம், பஜனை மடமும் சரி, சீட்டாட்ட மன்றமும் சரி. ஆறுதலும் ஆட்களும் தனித்தனியாக வேலை செய்கின்றன, சேர்ந்தால் பலம் கூடுகிறது. அதற்குமேல் இந்த 232 பேரிடமிருந்து கறந்தெடுக்க முடியாது.

உடலுக்குள் இது எந்த வழியாகப் போகும் என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. பயமும் துயரமும் நீடித்தால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது காயத்தைச் சீர்செய்ய வரும் செல்களின் முதல்கட்ட வேலையைத் தாமதப்படுத்தும். ஓஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தப் பாரமில்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம். பாரமில்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது, பராமரிப்பாளர்களுக்கு 49 நாள் ஆயிற்று. பிறகு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் அதே அளவு காயம், கோடை விடுமுறையில் ஒருமுறை, தேர்வுக்கு மூன்று நாள் முன் ஒருமுறை. தேர்வுக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. சின்ன ஆய்வுகள்தான். ஆனால் மனப்பாரம் தோலில் வந்து தெரியும் என்பதை மறுக்க முடியாமல் செய்தவை.

வலிக்கும் இதே போன்ற வழி இருக்கிறது. 1978இல் கலிபோர்னியாவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டு, வலி குறைந்ததாகச் சொன்னவர்களுக்கு நாலாக்சோன் கொடுத்தார்கள். மார்பின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் பொருள் அது. வலி திரும்பிவந்தது. மருந்து வருகிறது என்ற எதிர்பார்ப்பில் மூளை தானே ஓபியம் போன்ற பொருளைச் சுரந்திருக்கிறது என்று பொருள். நெற்றியில் திருநீறு இட்ட கையோ, தலைமேல் வைத்து ஜெபித்த கையோ தரும் நிம்மதி இதே பாதையில் வலியைத் தணிப்பது நடக்கக்கூடியதே. ஆனால் அந்தப் பாதை அடைப்பைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது.

நம்பிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும், வட கரோலினாவில் மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்தார்கள். 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா', 'அவருக்கு என்மேல் அன்பில்லையா', 'இது தீயசக்தியின் வேலையா' என்று தமக்குள் மல்லுக்கட்டியவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்தார்கள். எந்த எண்ணம் என்பதைப் பொறுத்து அபாயம் 6 முதல் 28 சதவீதம் வரை கூடியது. நம்பாதவர்களைப் பற்றிய முடிவல்ல இது. நம்புகிறவர்கள், தாம் நம்பும் கடவுளிடமே சண்டையில் மாட்டிக்கொண்டதைப் பற்றியது.

இந்தச் சண்டையைத் தமிழ் வீட்டில் மூட்டிவிடுவது பெரும்பாலும் நோயாளி அல்ல, பார்க்க வருகிறவர். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலோரத்தில் வைத்துவிட்டு, "யாருக்கு என்ன பாவம் பண்ணினோமோ", "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வச்சிருக்கீங்க", "எவன் கண்ணு பட்டுதோ" என்று அன்போடுதான் சொல்வார்கள். சொன்னவர் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார். கேட்டவர் இரவு இரண்டு மணிக்கு, பக்கத்துக் கட்டிலின் குறட்டைக்கு நடுவே, என்ன குறை வைத்தோம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். தமனி அடைப்புக்குப் புகையும் சர்க்கரையும் கொழுப்பும் பரம்பரையும் காரணம் என்று மருத்துவர் பகலில் சொன்னது அந்நேரத்தில் நினைவுக்கு வராது. இந்தப் பேச்சைக் கேட்டு, திருத்திச் சொல்ல ஆளிருப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆன்மிகப் பணியாளர்கள் உண்டு. மற்ற இடங்களில் அந்த வேலை ராத்திரி டியூட்டி சிஸ்டரின் தலையில் விழுகிறது.

நம்பிக்கை சில நேரம் சிகிச்சையின் திசையையும் மாற்றும். கைமீறிய புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், மதத்தை அதிகம் சார்ந்தவர்கள் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் முதலிய தீவிரச் சிகிச்சைகளை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். அற்புதம் நடக்க நேரம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அதன் பின்னே இருக்கலாம். பைபாஸ் நோயாளிக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்தில்: சுகமாகிவிட்டது என்று நம்பி, ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தானாக நிறுத்திவிடுவது.

நன்றி என்னும் கடன்

பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை அறிந்து மறவாதிருப்பதுதான் திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு. இன்று அச்சொல் அந்த உணர்வையே குறிக்கிறது. இருந்தும் பேச்சில் அதற்கு இடம் குறைவு. ஐந்து நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுத்த தம்பிக்கு அண்ணன் நன்றி சொல்வதில்லை, சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார், அதுதான் நன்றி. மருத்துவரிடமோ சொல் எதிர்த்திசையில் பாய்கிறது. "தெய்வம் மாதிரி வந்தீங்க டாக்டர்", "எனக்கு இது மறுபிறவி" என்பார்கள். மேலைநாட்டு ஆய்வாளர்களின் நன்றியுணர்வு வினாத்தாளை இங்கே அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால், எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போகலாம்.

அந்த வினாத்தாள்கள் கண்டது என்ன? ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்புத் தசை நோயுள்ள 65 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழு 21 நாள், அன்றன்று நன்றி பாராட்டத்தக்கவை எவை என்று எழுதியது. மற்றக் குழு வழக்கமான நாள் படிவத்தை மட்டும் நிரப்பியது. எழுதியவர்கள் சற்று அதிக நேரம் தூங்கினார்கள், எழும்போது தெளிவாக இருந்தார்கள். இதயம் பலவீனமாகும் ஆரம்ப நிலையில் இருந்த 70 பேரிடம் எட்டு வாரம் இதே போல எழுதவைத்த இன்னொரு சிறு ஆய்வு, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்ததாகச் சொன்னது. நம்பிக்கையூட்டும் செய்திதான், ஆனால் 70 பேர் போதாது.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜெஃப் ஹஃப்மன் குழு இதைக் கறாராகச் சோதித்தது. மாரடைப்போ அதை ஒட்டிய நெஞ்சுவலியோ வந்து தேறிய 164 பேரிடம், இரண்டு வாரத்தில் நன்றியுணர்வையும் 'எல்லாம் சரியாகும்' என்ற எதிர்பார்ப்பையும் தனித்தனியாக அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து, இடுப்பில் கட்டிய கருவி அவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள் என்று எண்ணியது. சரியாகும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் நடந்தார்கள், இதயக் கோளாறுக்காக மறுபடி மருத்துவமனைக்கு வந்ததும் குறைவு. நன்றியுணர்வு அந்தக் கணக்கை அவ்வளவாக அசைக்கவில்லை. நன்றிப் பயிற்சிகளைப் பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய தொகுப்பும், மனச்சோர்விலும் பதற்றத்திலும் அவற்றின் பலன் சிறிது என்றே முடித்தது. நன்றியுணர்வு நல்ல தூக்கம் தருகிறது, உடனிருப்போரோடு உறவை இளக்குகிறது. காலை நடைக்கு எழுப்பிவிடுவது அதுவல்ல.

நன்றி கடனாகத் திரியும்போது கெடுதலும் செய்யும். உளவியலாளர்கள் நன்றியையும் கடன்பட்ட உணர்வையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது இதமானது, இரண்டாவது கூச்சமும் பாரமும் கலந்தது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து நின்று "எப்படி இருக்கீங்க?" என்றதும், இரவெல்லாம் வலியில் விழித்தவர் கையெடுத்துக் கும்பிட்டு "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பார். தையலோரத்தில் நீர் கசிவதைச் சொல்ல மாட்டார். உயிரைக் காப்பாற்றியவரிடம் குறை சொல்வதா என்ற எண்ணம். அதைச் சொல்லாமல் விட்டால் மார்பெலும்புவரை கிருமி இறங்க வழியுண்டு. வீட்டில் இதன் இன்னொரு வடிவம் நடக்கும். சோறு இறங்காமல், டிவியும் பிடிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம், "உயிர் பிழைச்சதே பெரிசு, இன்னும் என்ன கவலை?" என்பார்கள். நன்றியோடு இருக்க வேண்டியவர் சோர்வாக இருக்கலாகாது என்று தீர்ப்பாகிவிடுகிறது. பைபாஸுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளாகும் அந்த ஐந்தில் ஒருவர், தமக்கு வந்திருப்பது சிகிச்சை உள்ள ஒரு நோய் என்று அறியாமலே போகிறார்.

யாருக்கு நன்றி சொல்வது என்பதிலும் ஒரு சிக்கல். மயக்கத்தில் கிடந்த நாட்கள் நோயாளியின் நினைவில் இல்லை. அந்த நாட்களில் வாயில் தேங்கிய எச்சிலை உறிஞ்சியவர், இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தவர், முகம் தெரியாமல் ரத்தம் கொடுத்தவர் யாரையும் அவருக்குத் தெரியாது. ஸ்காண்டிநேவிய ஐ.சி.யூ.க்களில் இதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் வைத்தார்கள். 'இன்று உங்கள் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், குழாயை எடுத்தோம், நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள்' என்று செவிலியரும் வீட்டாரும் நாள்தோறும் எழுதி, தேறியபின் நோயாளியிடம் கொடுப்பார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் செய்த சோதனையில், நோட்டு கிடைத்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாக வந்தது. 2019இல் பிரான்சில் நடந்த இன்னும் பெரிய சோதனையில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நோயைத் தடுக்கும் மருந்து என்று அந்த நோட்டைச் சொல்ல முடியாது. காணாமல்போன நாட்களில் தன்னை யார் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை என்பதும் உண்மை.

நேர்த்திக்கடன்

தெய்வத்துக்குச் சொல்லும் நன்றிக்குத் தமிழில் கடன் என்றே பெயர். நோய் தேறினால் இன்னது செய்கிறேன் என்று வேண்டி, தேறியபின் செலுத்துவது உலகப் பொதுவழக்கு. கிரேக்கத்தின் கொரிந்தில் மருத்துவத் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோவிலில் சுட்டமண்ணால் செய்த கைகளும் கால்களும் காதுகளும் அகழ்வில் கிடைத்தன. சமயபுரத்தில் வெள்ளித் தகட்டில் கண்மலர், வேளாங்கண்ணியில் வெள்ளியிலும் மெழுகிலும் உடலுறுப்புகள், நாகூர் தர்காவில் உருவம் பொறித்த தகடுகள். மூன்று மதத்தாரின் காணிக்கையும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். வைத்தீஸ்வரன் கோவிலில் உப்பும் மிளகும் போட்டு, குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அங்கே சிவனுக்குப் பெயரே வைத்தியநாதர்.

மருத்துவரின் பார்வையில் நேர்த்திக்கடனில் கவனிக்க வேண்டியது எப்போது செலுத்துவது என்பதுதான். மொட்டை போடுவதால் மார்பெலும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குச் சவரக்கத்திக் கீறலின் ரத்தம்கூட நேரம்கழித்தே நிற்கும். நாவிதரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அங்கப்பிரதட்சணத்தில் உடல் பாரம் முழுவதும் மார்பின்மேல் விழும், காவடி தோளை இழுக்கும், கூட்டத்தில் ஒரு முழங்கை இடித்தாலே போதும். எலும்பு கூடும்வரை இவை கூடாது. இரண்டு மூன்று கிலோவுக்குமேல் தூக்காதே, கையை ஊன்றி எழாதே என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதற்கும் இதுவே காரணம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருப்பதற்கு முன் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பிரசாதத் திருநீறு நெற்றிக்கு, தையலுக்கு அல்ல.

தள்ளிப்போடுவதற்கு நம் மரபிலேயே வழி இருக்கிறது. வேண்டிக்கொண்ட அன்றே ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைத்துவிடுவார்கள். கடன் பதிவாகிவிட்டது, தவணைக்கு அவசரமில்லை என்று அர்த்தம். ஐ.சி.யூ. வாசலில் புடவைத் தலைப்பில் முடிந்த காசும் அந்தக் கணக்கில்தான் சேரும். மூன்றாம் மாதப் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுப்பார்கள். கம்பிகள் வெள்ளை வளையங்களாக வரிசையாகத் தெரியும். அவற்றை எடுப்பதில்லை, ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். அழுத்தினால் நடுவே அசைவில்லை, தையல் காய்ந்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்றால், காரோட்டலாம், பேரனைத் தூக்கலாம் என்று மருத்துவர் சொல்வார். முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுவதும் அந்த வாரத்தில் நடக்கும்.